பேனருக்குப் பின்னால் இருக்கும் கல்

அன்புள்ள சகோதரிக்கு,

கோடு போட்ட நோட்டுத் தாளில் நான்கு பக்கங்களுக்கு நீங்கள் எழுதியிருந்த கடிதத்தை நிதானமாக இரண்டு முறை படித்தேன். உங்கள் பெயர், ஊர், அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயர் ஆகியவற்றை நீக்கிவிட்டு, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்பதற்காகக் கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

உங்களுக்கு வயது 46. கணவர் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சென்னையின் தென்புறத்தில், 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஒரு பகுதியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்கிறீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்த பெண், மாத்திரை கொடுத்ததோடு தினமும் அரை மணி நேரமாவது நடக்கச் சொன்னார். அப்படித்தான் பக்கத்துப் பூங்காவுக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் போகத் தொடங்கினீர்கள். முதலில் தனியாகத்தான் போனீர்கள். பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் வந்து பதினொரு பேர் ஆனீர்கள். எல்லோரும் சமையல், வீட்டு வேலை, துப்புரவு என்று ஆறரை மணிக்குள் வேலைக்குப் போய்விட வேண்டிய பெண்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்களோடு, ஒடிசாவிலிருந்து வந்து அந்த நடையிலேயே தமிழ் கற்றுக்கொண்ட ஒருவரும் உங்களில் உண்டு. எட்டுச் சுற்று நடப்பீர்கள். பிறகு புங்க மரத்தடி சிமென்ட் பெஞ்சில் கால் மணி நேரம் உட்காருவீர்கள். மகனைப் பறிகொடுத்து ஓராண்டாக யாரிடமும் வாய் திறக்காமலிருந்த ஒரு பெண் முதன்முதலாகப் பேசியது அந்தப் பெஞ்சில்தான். "அந்த ஒரு மணி நேரம்தான் நான் யாருக்கும் சமைக்காத நேரம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு அந்தப் பூங்காவின் கதவில் குடியிருப்போர் சங்கம் சங்கிலி போட்டுப் பூட்டி, 'குடியிருப்போருக்கு மட்டும்' என்று ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியது. தோட்டக்காரருக்கும் தண்ணீருக்கும் தாங்கள் பணம் கொடுப்பதாகவும், வெளியாட்கள் வரவேண்டுமென்றால் ஆளுக்கு மாதம் 200 ரூபாய் கட்டி அட்டை வாங்கிக்கொண்டு காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை வரலாம் என்றும் செயலாளர் சொல்லியிருக்கிறார். நீங்கள் கேள்வி கேட்டபோது நிர்வாகிகளில் ஒருவர், "இதெல்லாம் உங்கள மாதிரி ஆளுங்களுக்கு இல்ல" என்று சொன்னார். அதற்குப் பிறகு மெயின் ரோட்டில் நடந்தீர்கள். உங்களில் ஒருவரை டூவீலர் இடித்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நான்கு பேர் நடப்பதையே விட்டுவிட்டார்கள். பணத்தைக் கட்டிவிடலாமா, தெருப் பையன்கள் சொல்வதுபோல் பூட்டை உடைத்துவிடலாமா, 'பி.சி.ஆர். கேஸ்' கொடுக்கலாமா, அல்லது "பிழைக்க வந்த எங்களுக்குப் பூங்காவில் என்ன உரிமை" என்று விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களில் ஏழு பேர் அதே குடியிருப்பில்தான் வேலை செய்கிறீர்கள் என்பதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்.

சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பொதுப் பூங்காவில் நடப்பதற்குச் சொந்த வீடு இருக்க வேண்டும், வரி கட்டிய ரசீது வேண்டும், இந்த ஊர் முகவரியில் ரேஷன் அட்டை வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மெரினாவில் உட்காருகிறவரிடம் நீ எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? ஆகவே உங்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். அந்த இடம் உண்மையிலேயே பொது இடம்தானா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. இது பொது இடம் என்று தெரிந்துவிட்டால் நீங்கள் யாரிடமும் சலுகை கேட்க வேண்டியதில்லை. இல்லையென்று தெரிந்தால், அதையும் நான் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்தக் கல் என்ன சொல்கிறது

கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் போகிற போக்கில் ஒரு செய்தி எழுதியிருக்கிறீர்கள். காற்றில் பேனர் விலகும்போது அதற்குப் பின்னால் சுவரில் பதித்த ஒரு கல் தெரிகிறது, அதில் 'ஊராட்சி மன்ற' என்ற எழுத்தும் 2008 என்ற எண்ணும் இருக்கின்றன, ஆனால் அந்த ஊராட்சியே இப்போது இல்லாததால் அது செல்லாத கல் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் நான் மிகவும் மதிக்கும் வரி அதுதான். நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டிய வரியும் அதுதான்.

2011 அக்டோபரில் சென்னையைச் சுற்றியிருந்த 42 உள்ளாட்சி அமைப்புகள், அவற்றில் 25 கிராம ஊராட்சிகள், மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. ஊராட்சி கலைந்தபோது அதன் சொத்துகள் கலைந்துவிடவில்லை. சாலை, குளம், சுடுகாடு, பூங்கா என்று ஊராட்சியின் பொறுப்பில் இருந்தவை மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தன. ஆனால் பல இடங்களில் காகிதம் மட்டும் நிலத்தின் பின்னாலேயே வந்து சேரவில்லை. ஊராட்சி அலுவலகத்துப் பீரோவில் இருந்த கோப்பு எங்கோ தங்கிவிட, மாநகராட்சியின் பூங்காப் பட்டியலில் அந்த இடம் ஏறாமலே போய்விடும்; பக்கத்தில் இருப்பவர்கள் பராமரிக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் அது தங்களுடையது என்றே உண்மையாக நம்பத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் சங்கத்தார் எல்லோரும் தெரிந்தே அபகரிக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பலருக்கு இந்தக் கதையே தெரியாமல் இருக்கலாம்.

சென்னைப் பெருநகரப் பகுதியில் பெரிய அளவில் மனைப்பிரிவோ அடுக்குமாடியோ அமைக்கும்போது ஒரு பகுதியைத் திறந்தவெளியாக விடவேண்டும் என்பது பழைய விதி. இதைத்தான் பதிவு அலுவலகங்களிலும் கட்டுமானக்காரர்களிடையேயும் 'ஓ.எஸ்.ஆர். நிலம்' என்கிறார்கள். இப்போது நடப்பில் உள்ள 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் அதற்கு முன்பிருந்த விதிகளிலும் இதன் அடிப்படை ஒன்றுதான். மனை 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் இருந்தால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்பின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவு செய்து கொடுக்க வேண்டும். இந்த விதியே செல்லாது என்று அடுக்குமாடி உரிமையாளர்கள் சிலர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஆகவே உங்கள் பூங்கா அப்படித் தானமாகக் கொடுக்கப்பட்ட நிலம் என்றால், கட்டுமானக்காரர் அதைக் கொடுத்த அன்றே அது அந்தக் குடியிருப்பின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. வீட்டை வாங்கியவர்கள் அந்தப் பூங்காவை வாங்கவில்லை.

ஆனால் ஒரு கல்லை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. அது துணைச் சான்றுதான். தானப் பத்திரம்தான் வேண்டும். அதைத் தேட நில அளவை எண், அதாவது சர்வே நம்பர் தெரிய வேண்டும். இங்கேதான் நீங்கள் கடிதத்தில் சொல்லும் அந்தப் பெரியம்மா நினைவுக்கு வருகிறார். இரண்டாம் தளத்தில் இருக்கும் 74 வயதுக்காரர், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தினமும் இரண்டு சுற்று நடந்தவர், பூட்டு விழுந்த பிறகு பால்கனியில் நின்று உங்களைப் பார்த்துக் கையசைப்பவர். அவருடைய வீட்டுக் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியில் சர்வே நம்பர் இருக்கும். பல பத்திரங்களில், இன்ன தேதியில் இன்ன எண்ணுள்ள தானப் பத்திரத்தின் மூலம் திறந்தவெளி நிலம் ஊராட்சிக்குக் கொடுக்கப்பட்டது என்ற வரியே முன்கதைப் பகுதியில் இருக்கும். அவர் சம்மதித்தால் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். தேடும்போது மாநகராட்சியின் பெயரை மட்டும் தேடாதீர்கள். 2011க்கு முந்தைய பத்திரம் என்பதால் பழைய ஊராட்சியின் பெயரோ அதன் தலைவரின் பதவிப் பெயரோதான் இருக்கும். பத்திர எண் கிடைத்துவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு வாங்கலாம்.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். மனையின் பரப்பு 3,000 சதுர மீட்டருக்கும் 10,000 சதுர மீட்டருக்கும் இடைப்பட்டதாக இருந்தால், நிலமாகக் கொடுக்க இயலாத சூழலில் அதற்குரிய மதிப்பைப் பணமாகக் கட்டவும் விதி இடம் தருகிறது. அப்படிப் பணம் கட்டியிருந்து, அந்தப் பூங்கா குடியிருப்பின் பொதுப் பகுதியாகவே திட்ட வரைபடத்தில் காட்டப்பட்டிருந்தால், அது அவர்களுடைய இடம். பூட்ட அவர்களுக்கு உரிமை உண்டு. 2008ஆம் ஆண்டுக் கல்லில் ஊராட்சியின் பெயர் இருக்கிறது என்று நீங்கள் சொல்வதால் அந்தச் சாத்தியம் குறைவு என்று கருதுகிறேன். இருந்தாலும் பத்திரத்தைக் கண்ணால் பார்க்கும்வரை "இது எங்கள் பூங்கா" என்று எங்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

பராமரிப்பவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை

தோட்டக்காரர் சம்பளமும் தண்ணீர்ச் செலவும் தங்களுடையது என்று சங்கம் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லலாம்; உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நிறுவனங்களும் குடியிருப்போர் சங்கங்களும் மாநகராட்சிப் பூங்காவை ஒப்பந்தம் போட்டுத் தத்தெடுத்துப் பராமரிப்பது நடைமுறையில் உள்ளதுதான். அந்த ஒப்பந்தம் பராமரிக்கும் பொறுப்பைத் தருகிறது. பொதுமக்களை வெளியே நிறுத்தும் அதிகாரத்தைத் தருவதில்லை. 1991இல் பெங்களூரு வழக்கு ஒன்றில், பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மருத்துவமனை என்பது நல்ல காரியம்தான். அதற்காகக்கூடப் பூங்காவைத் தனியாருக்கு மாற்றித் தரக்கூடாது என்று சொன்ன நீதிமன்றம், அதைத் தட்டிக்கேட்க அப்பகுதி மக்களுக்கு உரிமை உண்டு என்றும் ஏற்றுக்கொண்டது. உங்கள் நிலைக்கு இந்த இரண்டும் பொருந்தும்.

இருநூறு ரூபாய் அட்டை

பதினொரு பேருக்கும் சேர்த்து மாதம் 2,200 ரூபாய். உங்களில் சிலருக்கு ஒரு வீட்டுச் சம்பளத்தில் பெரும்பகுதி அது. தொகையைவிட எனக்குக் கவலை தருவது வேறு. இன்று நீங்கள் பணம் கட்டி 'விருந்தினர்' என்று போட்ட அட்டையை வாங்கினால், அந்த இடத்துக்கு அவர்கள் அனுமதியால்தான் வருகிறீர்கள் என்று நீங்களே ஒப்புக்கொண்டதுபோல் ஆகும். நாளை அதைக் காட்டியே, "இவர்கள் எங்கள் அனுமதியில் வந்தவர்கள், அனுமதியை ரத்து செய்துவிட்டோம்" என்று வாதிட முடியும். மேலும் அவர்கள் தரும் நேரத்தில் நீங்கள் மூன்றாவது வீட்டின் அடுப்படியில் நிற்பீர்கள். வெயிலும் உச்சிக்கு ஏறியிருக்கும். ஆகவே இப்போது பணம் கட்ட வேண்டாம், எதிலும் கையெழுத்தும் போட வேண்டாம் என்பதே என் கருத்து. மறுப்பதற்குக் கடுமையான சொல் தேவையில்லை. "விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று சொன்னால் போதும்.

பூட்டை உடைப்பதும் பி.சி.ஆர். கேஸும்

பையன்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பூட்டை உடைத்தால் அடுத்த நிமிடம் பேச்சு பூங்காவைப் பற்றி இருக்காது. சேதம் விளைவித்த குற்றத்தைப் பற்றி இருக்கும். இப்போது சங்கம்தான் மாநகராட்சிக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்கு நீங்கள் போய் நிற்க வேண்டாம்.

பி.சி.ஆர். என்று ஊர்வழக்கில் நாம் சொல்வது பெரும்பாலும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத்தான். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுச் சொத்துகளையும் பொது வழிகளையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும், பலர் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும் அந்தச் சட்டத்தில் குற்றம். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கென்று விடப்பட்ட இடங்களில் மதம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டித் தடுப்பதை விலக்குகிறது. "உங்கள மாதிரி ஆளுங்க" என்ற சொல் எவ்வளவு வலித்திருக்கும் என்பது நீங்கள் எழுதிய விதத்திலேயே தெரிகிறது. அந்த வரியில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. ஆனால் அந்தச் சொல் சாதியைக் குறித்ததா, வேலையைக் குறித்ததா, குடிசைப் பகுதியைக் குறித்ததா என்பது அங்கே அன்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். சாதியின் பெயரோ அதைத் தெளிவாகச் சுட்டும் சொல்லோ வந்திருந்தால், யார் சொன்னார், யார் கேட்டார், என்ன தேதி என்பதை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தப் புகாரை எழுத நானே உதவுகிறேன். வரவில்லை என்றால், இல்லாததைச் சேர்த்து எழுதச் சொல்லி யார் தூண்டினாலும் கேட்காதீர்கள். ஏழை என்பதற்காக ஒருவரைப் பொது இடத்திலிருந்து தள்ளுவதும் அநியாயம்தான். அதற்கு வேறு வழி இருக்கிறது.

வேலையும் வேண்டும், பூங்காவும் வேண்டும்

உங்களில் ஏழு பேருடைய சம்பளம் அந்தக் கதவுக்கு உள்ளேயிருந்து வருகிறது. நாளை வாட்ச்மேனிடம் சொல்லி வேலைக்கு உள்ளே விடாமல் செய்துவிட்டால், உடனே தடுத்து நிறுத்த வலுவான சட்டப் பாதுகாப்பு வீட்டு வேலை செய்பவர்களுக்கு இன்னும் இல்லை. 2007இல் அமைக்கப்பட்ட வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டால் நலத்திட்ட உதவிகள் கிடைக்கும். பதிவு செய்யாதவர்கள் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அது வேலையைக் காப்பாற்றித் தரும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எனவே யார் கையெழுத்துப் போடுவது என்பதை யோசித்து முடிவு செய்ய வேண்டும். அந்தக் குடியிருப்பில் வேலை செய்யாத நான்கு பேர் மட்டும் முன்னால் நிற்கட்டும். ஏழு பேரும் பின்னால் இருப்பதில் கோழைத்தனம் எதுவும் இல்லை; குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் அதில் இருக்கிறது. பெரியம்மாவைப் போல அந்தக் குடியிருப்பிலேயே உங்கள் பக்கம் இருப்பவர்கள் ஒன்றிரண்டு பேர் கையெழுத்திட முன்வந்தால், பத்து வெளியாட்களின் கையெழுத்தைவிட அது கனமாக இருக்கும். வீட்டு உரிமையாளரே கேட்கும்போது 'வெளியாட்கள் பிரச்சினை' என்ற பேச்சு அடிபட்டுப்போகும். ஆனால் அவர் மகன், மருமகளோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் அவருக்குச் சங்கடம் வராது என்று தெரிந்த பிறகே கேளுங்கள்.

முதல் வேலையாக, அந்த நான்கு பேரில் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதட்டும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாட்களுக்குள் பதில் வரவேண்டும். பலர் செய்யும் தவறு, "ஏன் பூட்டினார்கள், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்" என்று கேட்பது. அதற்கு ஒரு வரியில் பதில் எழுதி முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இன்ன சர்வே நம்பரில் உள்ள நிலம் மாநகராட்சிக்கோ முந்தைய ஊராட்சிக்கோ தானமாகக் கொடுக்கப்பட்ட பத்திரத்தின் நகல், பூங்காப் பதிவேட்டில் அந்த இடம் உள்ள பக்கத்தின் நகல், பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால் அதன் நகல், பூட்டுவதற்கோ கட்டணம் வாங்குவதற்கோ அனுமதி கொடுத்திருந்தால் அந்த உத்தரவின் நகல். இந்த நான்கும் போதும். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

பத்திரம் கையில் வந்த பிறகு மண்டல அலுவலருக்கும் பூங்காத் துறைக்கும் மனு கொடுங்கள். நகலில் தபால் பிரிவின் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். வார்டு கவுன்சிலரிடமும் ஒரு நகல் போகட்டும். பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அங்கே எழுந்து இரண்டு நிமிடம் பேசுங்கள். மனுவின் மொழி யாரையும் குற்றம் சாட்டாமல் இருப்பது நல்லது. 'இந்தப் பூங்கா மாநகராட்சிக்குச் சொந்தமானது என்பதற்கான ஆவணம் இணைக்கப்பட்டுள்ளது. விடியற்காலை ஐந்து மணி முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்ற அளவில் இருக்கட்டும். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கி மக்களை நடக்கச் சொன்னதும், வீடு தேடி வந்து உங்களை நடக்கச் சொன்னதும் அரசுதான் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

இத்தனைக்கும் அசையாவிட்டால்தான் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பெண் என்ற ஒரே தகுதியிலேயே, வருமான வரம்பு பார்க்காமல், உங்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப்படி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். நடப்பதற்காக நீங்கள் சங்கம் பதிவு செய்ய வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம்தான். ஆனால் கணக்கு, ஆண்டறிக்கை, நிர்வாகிகள் தேர்வு என்று வந்துவிட்டால், யார் தலைவர் என்ற பேச்சு அந்தப் பெஞ்சுக்கும் வந்துவிடும்.

சங்கத்தார் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. நடை முடிந்ததும் கைதட்டி வாய்விட்டுச் சிரிக்கும் பயிற்சி செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்தரை மணிக்குப் பதினொரு பேர் கைதட்டிச் சிரித்தால், பூங்காவைப் பார்த்த படுக்கையறைகளில் தூங்குகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். அதை ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்வதாக நீங்களே முன்வந்து சொன்னால், பேச்சுவார்த்தையில் உங்கள் பக்கம் உயர்ந்துவிடும். ஒழுங்கு கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, வெளியேற்றத்தான் இல்லை.

அதுவரை எங்கே நடப்பது

சில ஆண்டுகளுக்கு முன்பு இதேபோன்ற ஒரு விளையாட்டுத் திடலுக்காக ஒரு தெருவினர் என்னிடம் வந்தார்கள். ஆவணம் கிடைத்தது, உத்தரவும் கிடைத்தது. பதினெட்டு மாதங்கள் ஆயின. கதவு திறந்த அன்று போய்ப் பார்த்தேன். திடல் காலியாக இருந்தது. மாலையில் கூடிக்கொண்டிருந்த அந்தக் கூட்டம் காத்திருந்த காலத்தில் கலைந்துவிட்டது. சிலர் வீடு மாறியிருந்தார்கள், சிலர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. வழக்கு வேலையிலேயே மூழ்கி, அந்த மாலைகள் தொடர்ந்து நடக்கின்றனவா என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மெயின் ரோட்டில் இனி நடக்காதீர்கள். பதினைந்து நிமிட தூரத்தில் மாநகராட்சிப் பள்ளி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளி நேரத்துக்கு முன்பு மைதானத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டுத் தலைமையாசிரியரிடம் ஒரு மனு கொடுங்கள். கிடைக்கும்வரை, வண்டிப் போக்குவரத்து இல்லாத உங்கள் உள்தெருவிலேயே எட்டுச் சுற்றுக்குப் பதில் இருபது சுற்று நடந்தாலும் சரி. விளக்கு உள்ள பக்கமாக, இரண்டிரண்டு பேராக, வெளிர்நிறத் துணி உடுத்திப் போங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடக்கலாமா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இடுப்பில் ஒரு சிறிய பொட்டலம் வெல்லமோ சர்க்கரையோ இருக்கட்டும்.

நின்றுபோன நான்கு பேரில், மகனை இழந்த அந்தப் பெண்ணும் ஒருவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் பேச வந்த நான் இதைச் சொல்வதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பத்திரத்தைத் தேடுவதற்கு முன்பு அவரைத் தேடிப் போங்கள். 'வா' என்று போனில் சொல்வது போதாது. விடியற்காலையில் அவர் வீட்டு வாசலில் இரண்டு பேர் போய் நின்று கூட்டிக்கொண்டு வாருங்கள். நடக்க முடியாவிட்டால் வாசற்படியிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்று பேசுகிறார் என்றால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கூட்டிப் போங்கள்.

கடைசியாக, அந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பேனரைக் கழற்றவோ கிழிக்கவோ வேண்டாம். பொதுத் தெருவில் நின்றபடியே படம் எடுங்கள். உங்கள் கடிதப்படி அந்தச் சுவர் கிழக்குப் பார்த்தது. செதுக்கிய எழுத்தில் நேரான வெளிச்சம் விழுந்தால் ஒன்றும் தெரியாது. காலை வெயில் அந்தச் சுவரில் நேராக விழும் என்பதால் அப்போது வேண்டாம்; உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்பு, வெயில் மேலிருந்து சுவரை உரசியபடி சாய்வாக விழும்போது, பக்கவாட்டில் நின்று எடுத்தால் ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு எழுந்து தெரியும். காற்றில் பேனர் விலகும் நேரம் பார்த்து மூன்று நான்கு படங்கள் எடுங்கள். பூட்டும் கதவும் தெரியும்படி தூரத்திலிருந்தும் ஒன்று வேண்டும். உங்களில் யார் முகமும் எந்தப் படத்திலும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படங்களையும் சர்வே நம்பரையும் எனக்கு அனுப்பி வையுங்கள். தகவல் அறியும் மனுவை எழுதி, நீங்கள் படித்துப் பார்க்கத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர் சகோதரி